விளக்கை எப்போது அணைக்கிறீர்கள்?

தூக்கம் சரியில்லை என்று யாராவது யோசனை கேட்டால், படுக்கையறையில் என்ன விளக்கு என்றுதான் முதலில் விசாரிப்பேன். வருகிற பதில்களில் பாதி, சில வருடங்களுக்கு முன் நானே சொன்னவை, நானே செய்த தவறுகள். போனைத் தள்ளி வையுங்கள் என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது, அதை விட்டுவிடுகிறேன்.

படுக்கிற நிமிடத்தில் அணைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, பணத்தை இதில்தான் விட்டேன். ஒளி புகாத கனத்த திரை, கண்பட்டை எல்லாம் வாங்கி அறையைக் குகையாக்கினேன். பதினொன்றுக்குப் படுத்து ஒரு மணி வரை புரண்டேன். திரையில் ஓட்டை இருக்கிறதோ என்று டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். பதினொரு மணி வரை தலைக்கு மேல் வெள்ளை எல்இடி பளீரென்று எரிந்தது மட்டும் உறைக்கவே இல்லை.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் சில உண்டு. எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி பட்டால் அவை அதிகம் தூண்டப்படும்; வெள்ளை எல்இடியில் நீலம் தாராளமாக இருக்கிறது. ‘இன்னும் பகல்தான்’ என்ற சேதி போய்க்கொண்டிருக்கும் வரை இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு முன் 200 லக்ஸுக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைவான சாதாரண அறை வெளிச்சமே, மங்கலான வெளிச்சத்தோடு ஒப்பிட்டால், மெலடோனின் சுரக்கும் நேரத்தைச் சுமார் 90 நிமிடம் குறைத்திருந்தது. அப்புறம் குகை எதற்கு?

இப்போது படுப்பதற்கு மூன்று மணிநேரம் முன்பே மேல் விளக்கு அணைந்துவிடும். மூலையில், கண் மட்டத்துக்குக் கீழே, மஞ்சள் ஒளி டேபிள் லேம்ப் ஒன்று. அவ்வளவுதான்.

“வெளிச்சத்திலும் எனக்குத் தூக்கம் வருமே”

வரும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், 100 லக்ஸில் ஒரே ஓர் இரவு தூங்கியவர்களுக்கு இரவில் இதயத் துடிப்பு கூடியது, காலையில் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) கூடியிருந்தது. 20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் நான் அதைப் படித்த அன்றே வராந்தா விளக்கை அணைத்துவிட்டேன்.

நீல நிற நைட் லேம்ப்

கழற்றிவிடுங்கள்.

காலையிலும் திரையைத் திறக்காமல் இருப்பது

காசு கொடுத்த திரை ஆயிற்றே என்று ஒன்பது மணி வரை மூடியே வைத்திருந்தேன். காலை வெளிச்சம்தான் உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி, இரவில் நேரத்தோடு தூக்கம் வரச் செய்கிறது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். வீட்டுக்குள் சில நூறு கிடைத்தாலே அதிகம்.

சார்ஜர், ஏசி பொட்டு விளக்குகள்

கறுப்பு டேப்.

இருட்டு வெறி

பாத்ரூம் போகிற வழியில் தரையை ஒட்டி, ஆள் நடந்தால் மட்டும் எரியும் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று வையுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கட்டாயம். கட்டில் காலில் இரண்டு தடவை விரலை இடித்துக்கொண்ட பிறகுதான் நான் வைத்தேன்.