கடற்கரைக்குப் போகுமுன் கைகளை எண்ணுங்கள்

எங்கள் வீட்டுக் கணக்கு இது: பெரியவர்கள் 2, பிள்ளைகள் 2, நாய் 1. மூத்தவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 2 முடிந்து சில மாதம், டைகர் எந்த வயதிலும் குட்டி மாதிரித்தான் நடந்துகொள்வான். கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கிறோம், தண்டவாளத்தைக் கடந்தால் கடல், ஆனால் அது நின்று பார்க்கிற கடல், இறங்கிக் குளிக்கிற கடல் இல்லை. அதனால் பள்ளி விடுமுறைக்கு எங்கேயாவது கிளம்பிவிடுவோம். முதல் தடவை போனபோது கணவர் சின்னவனைப் பிடித்துக்கொண்டார், நான் மூத்தவளோடு நின்றேன், டைகரைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு தென்னைமரத்தில் கட்டிவைக்க, அவன் குரைத்த குரைப்பில் பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

ஆகவே ஹோட்டல் படங்களைப் பார்க்குமுன் கைகளை எண்ணுங்கள். தண்ணீரில் நிற்கிற ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், நாய்க்குத் தனியாக ஒருவர். கை காணாது என்றால் அம்மம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள், அதுவும் முடியாவிட்டால் முறை வைத்துக் குளியுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது மாதம். நம் நாட்டுக் கடல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரை கடல் கொந்தளிக்கும், அப்போது நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா பக்கம் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கும் மேற்கும் நல்லது, கிழக்கில் மழைக்காலம் ஜனவரி வரை இழுக்கும். அதாவது ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கு. புத்தாண்டு நாட்களிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட வார இறுதிகளிலும் ஊரே கடற்கரையில்தான் நிற்கும், நாயோடு அந்த நெரிசலுக்குள் போவது வீண் வேலை.

இடத்தைக் கடைக்குட்டியின் காலளவு பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான், அலையும் குறைவு. தெற்கில் என் தெரிவு மாத்தறைக்குப் பக்கத்தில் உள்ள பொல்ஹேன, பாறைத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் கரையோரம் குளம் மாதிரி இருக்கும். காலில் பவளப்பாறை கிழிக்கும் என்பதால் பிள்ளைகளுக்குக் கழன்று போகாத செருப்பு வேண்டும். உனவட்டுனவும் பரவாயில்லை, சனம்தான் அதிகம். அறுகம்பை அலைச்சறுக்குக்காரர்களின் இடம், சின்னப் பிள்ளைகளோடு அங்கே போய் என்ன செய்வது? நிலாவெளிக்குப் போனால் புறாத்தீவுக்கு நாயைக் கொண்டுபோக நினைக்காதீர்கள், அது தேசியப் பூங்கா.

எங்கே இறங்கினாலும் 5 நிமிடம் கரையில் நின்று அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நுரை தள்ள, நடுவில் மட்டும் அலை உடையாமல் சாதுவாகத் தெரிகிற இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும். அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். சிவப்புக் கொடி இருந்தால் கதையே இல்லை, மணல் வீடு கட்டலாம்.

தங்குமிடம் பிடிப்பதில்தான் நான் நன்றாகச் சூடு கண்டேன். ஒரு விடுதியில் தொலைபேசியில் “நாய் பிரச்சினை இல்லை மிஸ்” என்றார்கள், இரவு 7 மணிக்குப் போய் இறங்கினால் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. நாய் என்றால் கைக்குள் அடங்குகிற குட்டி என்று நினைத்தார்களாம்! அதிலிருந்து நாயின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகுதான் முற்பணம் போடுகிறேன். மதில் முழுவதும் அடைப்பா, நீச்சல் தடாகத்துக்கு வேலி இருக்கிறதா, அறைக்குள் நாய் படுக்கலாமா, அவர்களுடைய சொந்த நாய் அங்கே சுற்றுகிறதா என்றெல்லாம் கேளுங்கள். சமையலறையுள்ள சின்ன வீடுதான் வசதி, பிள்ளைகளுக்கும் நாய்க்கும் ஒரே பானைச் சோறு. நாயின் பங்கில் உப்பும் வெங்காயமும் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

பயணத்தில் தெற்கு சுலபம். அதிவேக வீதியில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, கொட்டாவையில் ஏறுமுன் எல்லோரையும் மூத்திரம் பெய்யவையுங்கள், நாயையும்தான். நடுவில் வெலிப்பன்னவில் இறங்கலாம். பாசிக்குடா கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர், இரண்டு நாள் லீவுக்கு அது சரிவராது. அந்த வழியில் ஹபரண பக்கம் இருட்டினால் யானை வீதிக்கு வரும், காரில் குரைக்கிற நாய் வேறு, எனவே விடிய 4 மணிக்கே வெளிக்கிடுங்கள். கிளம்புவதற்கு முந்திய 3 மணி நேரத்துக்குள் நாய்க்குச் சாப்பாடு கொடுத்தால் அது சீற்றில்தான் வரும். தேநீருக்கு இறங்கும்போது ஒருவர் நாயோடு வெளியே நில்லுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்பது பொய், நம் வெயிலில் பூட்டிய கார் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

கரைவலை இழுக்கிற இடத்தில் கவனம். வலையில் வந்த பேத்தை மீனை மணலிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள், போன வருடம் டைகர் அப்படி ஒன்றைக் கவ்வியே விட்டான், வாய்க்குள் கையை விட்டு எடுத்தேன். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கடல்நீரைக் குடித்தாலும் வாந்தியும் பேதியும்தான், ஒரு போத்தல் நல்ல தண்ணீரைக் கரைக்கே கொண்டுபோய் அடிக்கடி காட்டுங்கள். மதியத்தில் மணலில் உங்கள் புறங்கையை 5 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பிள்ளையின் பாதமும் வேகும். நாங்கள் காலை 9 மணிக்குள் ஏறிவிட்டு, வெயில் தாழ 4 மணிக்குப் பிறகுதான் மறுபடி போவோம்.

கடற்கரைத் தெருநாய்கள் கூட்டமாக வரும். உங்கள் நாயின் விசர்நாய்க்கடித் தடுப்பூசியைப் போகுமுன் சரிபார்த்து அட்டையைக் கையில் வைத்திருங்கள். பிள்ளையை எந்த நாய் கடித்தாலும் கீறினாலும், அது உங்கள் நாயாகவே இருந்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990, காசு கட்டத் தேவையில்லை. பக்கத்து மிருக வைத்தியரின் இலக்கத்தைக் கொழும்பிலேயே தேடிப் பதிந்துவையுங்கள்.

பையில் ஜீவனி (வாந்தி பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்), பனடோல் பாணி, நுளம்புக்குப் பூசுகிறது, பம்பர்ஸ், பழைய துவாய் நாலைந்து, நீண்ட சங்கிலி ஒன்று. அப்புறம் ஒரு டின் குழந்தைப் பவுடர். ஈர மணல் ஒட்டிய காலில் தூவித் தட்டினால் உடனே உதிர்ந்துவிடும். டைகருக்கு அது வேலை செய்யாது, அவனை நல்ல தண்ணீரில் கழுவி, காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்த்து, கடைசியாக ஏற்றுங்கள்.