பொங்கலுக்குச் சுத்தம் செய்கிறேன் என்று கொன்றையை வெட்டாதீர்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சரக்கொன்றை நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, சுவரில் உரசுகிறதே என்று அதன் கிளைகளையெல்லாம் கழிக்கச் சொன்னேன். அந்தச் சித்திரையில் ஊரெல்லாம் கொன்றை மஞ்சளாகத் தொங்க, என் மரத்தில் வெறும் இலை.

பக்கத்துத் தோப்பு மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, பெங்களூரா மாமரத்துக்கு எப்போ கிளை கழிச்சுக் கவாத்து பண்றோம்? காய் இறக்கின அப்புறம்தானே? பூ மரத்துக்கு மட்டும் வேற சட்டமா?"

அவ்வளவுதான் விஷயம். மாசி, பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும் கொம்புகளில்தான் கொன்றைச் சரம் இறங்கும். அந்தக் கொம்பையே தையில் எடுத்துவிட்டால் பூ எங்கிருந்து வரும்? பூ முடிந்ததும், ஆனி மாதம் மழையில்லாத ஒரு நாளில் வெட்டுங்கள். பவளமல்லிக்குக் கணக்கு வேறு. ஆவணியில் தொடங்கி மார்கழி வரை பூக்கும், அதனால் மாசியில் கவாத்து. உப்புத்தாள் போல இலை சொரசொரக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எடுங்கள். அப்புறம் செங்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்துகள். ஒரே வருடத்தில் மரத்தின் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். விரல் தடிமன் வரை கவாத்துக் கத்தரி போதும், அதற்கு மேல் கைரம்பம். அரிவாள் வேண்டவே வேண்டாம். எங்கள் மந்தாரையில் ஓர் ஆள் ஒரே போடாகப் போட்டதில், கிளை பாதியில் முறிந்து பட்டை இரண்டடிக்கு நார் நாராக உரிந்து வந்தது.

கனமான கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கீழ்ப்பக்கம் கிளையின் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டை உரியாமல் விழும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாக எடுங்கள். கிளை தண்டோடு சேருமிடத்தில் பட்டை மோதிரம் மாதிரி சற்றுப் புடைத்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். அதை ஒட்டி வெளியே வெட்டு விழ வேண்டும். மோதிரத்தை வெட்டினால் காயம் மூடாது. நீளமாக விட்டால் அந்தக் கட்டை காய்ந்து உளுக்கும்.

பெரிய வெட்டுகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே போர்டோ பசை பூசுவோம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து ஒன்றாகக் கலக்குங்கள். பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ரம்பத்தைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.

மின்கம்பியைத் தொடும் கிளையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான்.