வாசிக்க வாசிக்க அலுக்காத சிந்தசைசர் எது?

முதல் சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி, வாங்கப் போகிறீர்களா? எத்தனை ஒலிகள் உள்ளே இருக்கின்றன என்று எண்ணாதீர்கள். முகப்பைப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஒரு குமிழ் இருந்தால் அதுதான் விளையாடத் தோதான கருவி.

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 அருமையான ஒலி தரும். ஆனால் ஒலியை மாற்ற ஒவ்வொரு அளவையும் பட்டன் அழுத்தித் தேர்ந்தெடுத்துத்தான் திருத்த வேண்டும், கை சீக்கிரம் சோர்ந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ரோலண்ட் எஸ்எச்-101 நேர் எதிர். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், ஒலியைச் சேமிக்கவும் வழியில்லை. ஆனாலும் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். இடது கையால் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரெசனன்ஸைக் (ஃபில்டர் வெட்டும் இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் அளவு) கொஞ்சம் ஏற்றி, ஃபில்டர் (ஒலியின் கூர்மையை வடிகட்டும் பகுதி) தள்ளுவிசையை மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். மந்தமாகக் கிடந்த ஒலி வாய் திறந்து "வாவ்" என்று கூவும். இதில் நேரம் போவதே தெரியாது!

பழைய கருவிதான் வேண்டும் என்றில்லை. கோர்க் மினிலாக்கில் ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் வாசிக்கலாம், குமிழைத் திருகும்போது அலைவடிவம் சின்னத் திரையில் மாறுவதையும் பார்க்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். வித்தியாசமாக வேண்டுமா? ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக். அதன் கட்டைகள் அசையாது, தொட்டாலே ஒலிக்கும். பியானோ பழகிய விரல்களுக்கு முதலில் ஒட்டாது, அப்புறம் விடவே மனம் வராது.

முடிந்தால் வாங்கும் முன் முகப்பைக் கையால் தொட்டு வாசித்துப் பாருங்கள்.