பாங்காக் டாக்ஸியில் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள்

ஆட்டோவில் கால் வைக்கும் முன்பே "எவ்வளவு?" என்று கேட்டுப் பேரம் முடிப்பது சென்னையில் ஊறிய பழக்கம். பாங்காக்கில் பாதித் தகராறு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே டாக்ஸிக்கு மீட்டர் சட்டப்படி கட்டாயம். நீங்களாக விலை கேட்டால், மீட்டர் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டதாக ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். மீட்டரில் 90 பாட் (தாய்லாந்து நாணயம்) வரும் சவாரிக்கு 300 கேட்பார். நீங்கள் 200க்கு இறக்கிவிட்டு ஜெயித்ததாக நினைப்பீர்கள்.

ஆகவே விலை பேசாதீர்கள். பின்கதவைத் திறந்து, போக வேண்டிய இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். தலையசைத்தால் ஏறி உட்காருங்கள். வண்டி நகரும்போது மீட்டரில் 35 எரிய வேண்டும், பெரிய வண்டியானால் 40. எரியவில்லையென்றால் மீட்டரைக் கையால் காட்டி, சிரித்த முகத்தோடு "மீட்டர், க்ராப்" என்று சொல்லுங்கள். க்ராப் என்பது மரியாதைச் சொல், பெண்கள் அதற்குப் பதில் "கா" சேர்க்க வேண்டும். ஓட்டுநர் அப்போதும் ஏதாவது ஒரு தொகையைச் சொன்னால் "மாய் ஆவ், க்ராப்", அதாவது வேண்டாம் என்று சொல்லி இறங்கிவிடுங்கள். கதவை அறைந்து சாத்தக் கூடாது. அடுத்த டாக்ஸி வர அதிக நேரம் ஆகாது.

கணக்கு தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். 2023 ஜனவரியில் திருத்திய கட்டணப்படி முதல் 1 கி.மீ.க்கு 35 பாட். அதற்கு மேல் 10 கி.மீ. வரை கி.மீ.க்கு 6.50, 10 முதல் 20 வரை 7, 20 முதல் 40 வரை 8. நெரிசலில் வண்டி மணிக்கு 6 கி.மீ.க்கும் குறைவாக ஊர்ந்தால் நிமிடத்துக்கு 3 பாட் கூடும். மீட்டர் இரண்டிரண்டு பாட்டாக ஏறும்: 35, 37, 39. நெரிசல் இல்லாத சாலையில் முதல் கி.மீ.க்குப் பிறகு ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு தாவல். கைபேசி வரைபடத்தில் 3 கி.மீ. கடந்திருக்கும்போது மீட்டர் 47, 49 அருகில் நின்றால் சரியாக ஓடுகிறது. நெரிசலில் நிற்காமலே 70ஐத் தாண்டியிருந்தால் மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள். பாதுகாப்பான இடம் பார்த்து "ஜோத்" என்றால் நிறுத்துவார். அதுவரை ஆனதைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

ஓட்டுநர் வரமாட்டேன் என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும், நீங்கள் இந்தியர் என்பதற்காக மட்டும் அல்ல. பலர் வண்டியை 12 மணி நேர வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். மாலை 3 மணி முதல் 5 மணிக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டியவர் எதிர்த்திசையில் சவாரி ஏற்றமாட்டார். தாமதமானால் அவருக்குத்தான் தண்டம். மழை பெய்யும் மாலையில் நெரிசல் மிகுந்த சுகும்வித் சாலைப் பக்கம் போகச் சொன்னால் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்க நிமிடத்துக்கு 3 பாட் அவருக்குக் கட்டுபடியாகாது. வண்டி நிறத்தைப் பாருங்கள்: பாதி பச்சை, பாதி மஞ்சளாக இருப்பது சொந்த வண்டி. ஒரே நிறத்தில் இருப்பவை நிறுவனத்தின் அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் வண்டிகள். வண்டி ஒப்படைக்கும் நேரத்தில் பச்சை மஞ்சளுக்குக் கை காட்டுவது புத்திசாலித்தனம். மாலை 4 முதல் 7 வரை டாக்ஸியையே மறந்துவிட்டு பிடிஎஸ் அல்லது எம்ஆர்டி ரயிலில் போவது அதைவிட நல்லது.

எங்கே நின்று கை காட்டுகிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கூடும் கோவ்சான் சாலை, பாத்பொங், அரண்மனை வாசல், பெரிய ஓட்டல்களின் முகப்பு ஆகிய இடங்களில் நிறுத்திக் காத்திருக்கும் டாக்ஸியை அணுகாதீர்கள். அங்கே காத்திருப்பதே மீட்டர் போடாத சவாரிக்காகத்தான். 200 மீட்டர் நடந்து பெரிய சாலைக்கு வந்து, முன்கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிய ஓடிவரும் வண்டியை நிறுத்துங்கள். சிவப்பு எரிந்தால் காலி வண்டி. நீங்கள் போக வேண்டிய திசையில் ஓடும் பக்கத்தில் நிற்பது முக்கியம். தவறான பக்கத்தில் ஏறினால் யூ டர்னுக்கே சில கி.மீ. சுற்ற நேரிடும், அதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை வரும். நடைமேம்பாலம் ஏறி இறங்குவது இரண்டு நிமிட வேலை.

அரண்மனை அருகே "இன்று மூடியிருக்கிறது" என்று சொல்லி 20, 40 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்ட டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) பிடித்துத் தருகிறவரை நம்பவே வேண்டாம். அந்தச் சவாரி நகைக்கடையிலும் தையற்கடையிலும்தான் போய் நிற்கும்.

முகவரியை ஆங்கிலத்தில் நீட்டுவது இன்னொரு பிழை. ஆங்கில எழுத்து படிக்க வராத ஓட்டுநர்கள் நிறைய. முகம் சுளித்துக் கையை ஆட்டுவது பல நேரம் கோபம் அல்ல, புரியாமைதான். ஓட்டல் அட்டையில் தாய் எழுத்து உள்ள பக்கத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஓட்டலுக்குப் போன் போட்டு அவரிடமே கொடுங்கள். உள்ளூர்ப் பெயர்களும் வேறு. சீலோம் சாலையில், பான் சாலை முனையில், தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு "மாரியம்மன்" என்று சொன்னால் பலருக்கு விளங்காது. "வத் கேக்" என்றால் நேராகக் கொண்டுபோய் இறக்குவார்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைக் கூடம் இரண்டாம் தளம். அங்கே "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களைத் தாண்டி முதல் தளத்துக்கு இறங்குங்கள். தொடுதிரை எந்திரத்தில் சீட்டு எடுத்தால் அதில் வரிசை எண் இருக்கும், அந்த எண்ணுள்ள இடத்தில் நிற்கும் வண்டிதான் உங்களுடையது. சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம் உண்டு, அது முறையானதே. நகருக்குள் இருக்கும் பிரதுநாம் பகுதிக்கு 30 கி.மீ. என்று வைத்தால் மீட்டர் 243, நெரிசல் ஒரு 15 நிமிடம் 45, நிலையக் கட்டணம் 50, விரைவுச் சாலைச் சுங்கம் 25ம் 50ம் சேர்த்து 75. மொத்தம் 415 பாட் சுற்றி வரும். சுங்கத்தைச் சாவடியில் நீங்களே அப்போதைக்கப்போது கொடுத்துவிட்டால் இறங்கும்போது வாக்குவாதம் இருக்காது.

பல டாக்ஸிகளின் டிக்கியில் எரிவாயு உருளை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு பெரிய பெட்டிகளுக்கே திணறும். நான்கு பேருக்கு மேல், அல்லது பெட்டி அதிகம் என்றால் எந்திரத்திலேயே பெரிய வண்டியைத் தேர்ந்தெடுங்கள். தனியாளாக வருபவர் அடித்தளத்திலிருந்து விமான நிலைய ரயில் பிடித்தால் பயதாய் வரை 45 பாட். பிரதுநாமில் தங்குபவர் ராட்சபராரோப் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

சில்லறை இல்லாமல் ஏறாதீர்கள். 1000 பாட் தாளை முதலில் செவன் இலெவன் கடையில் தண்ணீர் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள், டாக்ஸியில் நீட்டினால் "சில்லறை இல்லை" என்பதுதான் பதில். 100 சிவப்பு, 500 ஊதா. இருட்டில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் விளக்கைப் போடச் சொல்லி, தொகையை வாயால் சொல்லிக் கொடுங்கள். 87 ஆனால் 90 கொடுப்பது அங்கே வழக்கம். பெட்டிகளை டிக்கியிலிருந்து இறக்கிய பிறகே பணம் கொடுங்கள். பாஸ்போர்ட் பை எப்போதும் மடியில் இருக்கட்டும்.

ஓட்டுநர் முறைத்தாலும் குரல் உயர்த்தாதீர்கள். நாலு பேர் முன் கத்துவது தாய்லாந்தில் பெரிய அவமானம். அதற்குப் பிறகு அவர் இறங்கிவர மாட்டார், சுற்றியிருப்பவர்களும் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்கள். வேலை செய்வது புகார்தான். சவாரி மறுத்தாலும் மீட்டர் போட மறுத்தாலும் ஓட்டுநருக்கு 1,000 பாட் வரை அபராதம் உண்டு. தரைப் போக்குவரத்துத் துறையின் எண் 1584. மிரட்டல், பெட்டியைத் தர மறுத்தல் போன்றவற்றுக்குச் சுற்றுலாக் காவல் 1155, அங்கே ஆங்கிலத்தில் பேசலாம். வண்டி எண், நேரம், ஏறிய இடம், போகச் சொன்ன இடம் நான்கையும் சொல்ல வேண்டும். எண்ணில் தாய் எழுத்துகள் இருப்பதால் எழுதிக்கொள்ள முயலாதீர்கள். ஏறும்போதே மஞ்சள் நம்பர் பிளேட்டையோ பின்கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணையோ ஒரு படம் எடுத்துவிடுங்கள்.