நோயாளிக்கு டெஸ்ட் எழுதும் முன் ஒரு துண்டுச் சீட்டு

வார்டில் என் மருத்துவ மாணவர்கள் டெஸ்ட் ஃபாரத்தைத் தொடும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியாக வேண்டும். என்ன நோய் என்று சந்தேகம்? இவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு அது இருக்கும்? பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வாய், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வாய்? கடைசி இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் தேவையில்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் மட்டும் சீட்டு கிடையாது, வேலைதான்.

நூறில் எத்தனை என்று கேட்டதும் திணறுவார்கள். தப்பான எண்ணாக இருந்தாலும் எழுதட்டும். அதன் அருமை கரும்பலகையில் புரியும். ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் நோய். டெஸ்ட் அந்த ஒருவரைத் தவறவிடாது. ஆனால் நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலும் 95 சதவீதம் என்பார்கள். எண்ணச் சொல்லுங்கள்: பாசிட்டிவ் சுமார் 51 பேர், நிஜ நோயாளி ஒருவர். 2 சதவீதம்தான்! அப்புறம், ஆயிரத்தில் 200 பேருக்கு நோய் என்று மாற்றுங்கள். பாசிட்டிவ் 240, அதில் நிஜம் 200. அதே டெஸ்ட், இப்போது 83 சதவீதம். சூத்திரத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் ஆட்களை எண்ணட்டும்.

"எதற்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்பவருக்கு இன்னொரு கணக்கு. நார்மல் அளவு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடு 95 சதவீதம் பேரின் அளவு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்டுகளை நல்ல உடம்புக்காரருக்கு எடுத்தால், ஒன்றாவது வரம்பைத் தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு. அதைத் துரத்திக்கொண்டு அடுத்த ஸ்கேன், அடுத்த ஊசி. கஷ்டம் நோயாளிக்கு.

ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுத்தர லேபுக்கே கூட்டிப்போங்கள். ஒருமுறை, சாதாரணக் காய்ச்சலோடு வந்த இளைஞருக்குப் பொட்டாசியம் 7.1 என்று வந்தது, இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு. மாணவி பதறிப்போய் ஓடி வந்தார். உடனே ஈசிஜி எடுத்தோம், மாற்றம் எதுவும் இல்லை. அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. மறு சாம்பிளை எடுத்து அனுப்பிவிட்டு, லேபில் பழைய ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) செக்கச்செவேல் என்றிருந்தது. எடுத்த சாம்பிளில் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கொட்டியிருக்கிறது. மறு சாம்பிளில் 4.2. இதே 7.1 சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு வந்திருந்தால் மறு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அந்த மாணவியே யோசித்து, "முடியாது சார், உடனே சிகிச்சை தொடங்கணும்" என்றார்.

ரத்தக்கட்டி இருக்கிறதா என்று சந்தேகித்து எடுக்கும் டி-டைமர் என்ற ரத்த டெஸ்டுக்கும் இப்படித்தான். அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். ரத்தக்கட்டி சந்தேகம் வலுவாக இருந்தால் நேரே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

மார்க் போடும்போது, எழுதாமல் விட்ட டெஸ்டுக்கும் காரணம் கேளுங்கள். நல்ல காரணத்துக்கு மார்க் கொடுங்கள். ஆனால் தேவையான டெஸ்டை விடுவதும் பிழையே.

சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று நாள் கழித்து, ரிப்போர்ட்டையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து, அதே நோயாளியின் படுக்கையருகே மாணவரோடு உட்கார்ந்து பாருங்கள்.