வெளிநாட்டில் பொறியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் தொடங்குங்கள்

விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள்தான். மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், ஆனால் அதோடு நிற்கமாட்டார்கள். விடை தெரியாத ஒரு சிக்கலைக் கையில் கொடுத்தால் இவர் என்ன செய்வார் என்பதற்கு ஆதாரம் தேடுவார்கள். அந்த ஆதாரத்தை எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

படி 1: எம்.எஸ்.ஸா, பிஎச்.டி.யா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். பிஎச்.டி. என்றால் ஆய்வு அனுபவத்துக்குத்தான் முதலிடம். பாடங்களை மையமாகக் கொண்ட எம்.எஸ்.ஸுக்கு அடிப்படைப் பாடங்களில் உள்ள பிடிப்பும் தெளிவான நோக்கமும் கூடுதலாக எடுபடும்.

படி 2: பல்கலைக்கழகத்தை அல்ல, ஆய்வகத்தைத் தேடுங்கள்

தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். துறையின் இணையதளத்தில் பேராசிரியர்களின் பக்கங்களைத் திறந்து, அண்மையில் வந்த கட்டுரைகளில் ஒன்றிரண்டையாவது படியுங்கள். நீங்கள் வேலை செய்ய விரும்புகிற இரண்டு மூன்று பேராவது இல்லாத இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் வீண்.

படி 3: எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்கக் கடிதம்)

அதிக நேரம் செலவாக வேண்டியது இங்கேதான். "சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கும் கடிதங்கள் அவர்கள் மேஜையில் குவிந்து கிடக்கும். நீங்கள் செய்த ஒரு வேலையை எடுத்து, எங்கே முட்டி நின்றது, என்ன செய்தீர்கள், என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுதுங்கள்.

"பேரிங் பழுதைக் கண்டறியும் புராஜெக்ட் செய்தேன்" என்ற வரி எதையும் சொல்லவில்லை. இதைப் பாருங்கள்: "மோட்டாரின் வேகம் மாறியதும் எங்கள் முறை தவறான முடிவைத் தந்தது. பழுதைக் காட்டும் அதிர்வெண் வேகத்தோடு சேர்ந்து நகர்வதுதான் காரணம். நேரத்துக்குப் பதில் சுழற்சிக் கோணத்தை வைத்து சிக்னலை மறுபடி சாம்பிள் செய்தேன். சீராக மாறும் வேகத்தில் சரியாக வந்தது, திடீர் மாற்றத்தில் இன்னும் தடுமாறுகிறது." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். மேற்கொண்டு ஏன் படிக்க வேண்டும் என்பதற்கான காரணமே அதில் இருக்கிறது. இதே சிக்கலைத் தொடும் பேராசிரியரின் பெயரை அடுத்த பத்தியில் எழுதினால் இயல்பாகப் பொருந்தும்.

குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். நேர்மைக்காக மட்டுமல்ல, பரிந்துரைக் கடிதத்தோடு அது ஒத்துப்போகவும் வேண்டும்.

படி 4: பரிந்துரைக் கடிதங்கள்

வழக்கமாக மூன்று கேட்பார்கள். "வகுப்பில் நல்ல மாணவர்" என்று மட்டும் எழுதும் துறைத்தலைவரைவிட, உங்களோடு உட்கார்ந்து வேலை வாங்கிய இளம் ஆசிரியர் எழுதுவது பல மடங்கு கனமானது. கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, "எனக்கு வலுவான கடிதம் தர முடியுமா சார்?" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். சம்மதித்தால் ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி. வரைவு, கடைசித் தேதிகளின் பட்டியல் மூன்றையும் அனுப்பிவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்டால், 'ஆம்' என்பதே நல்லது. ரகசியமாக எழுதிய கடிதத்துக்குத்தான் மதிப்பு.

படி 5: தேர்வுகளும் தேதிகளும்

பல துறைகள் இப்போது ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்புக்கான பொதுத் தேர்வைக் கேட்பதில்லை, ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் சரிபாருங்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டுகளுக்கும் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கும் செல்லும். அமெரிக்காவில் இலையுதிர்காலச் சேர்க்கைக்கு டிசம்பரிலேயே பல இடங்களில் கதவு மூடிவிடும். நிதியுதவியோடு இடம் கிடைத்தால், அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் தரும். அதற்குள் அந்த ஆய்வகத்தின் இப்போதைய மாணவர்கள் ஒன்றிரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.