டீச்சரிடம் போகும் முன் மகளிடம் கேட்டேன்

பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு, "இன்னும் நல்லா படிக்கணும்" என்ற ஒரே வரியோடு திரும்பிவிடுவேன். இந்த முறை முந்தின நாள் இரவு மகளிடம் கேட்டேன்: "டீச்சர்கிட்ட நான் என்ன கேக்கணும்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "போர்டு சரியா தெரியலம்மா" என்றாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. கணக்கு நோட்டைப் புரட்டினால் 6 எல்லாம் 8 ஆகியிருந்தது. போட்ட வழி சரி, பார்த்து எழுதிய எண்தான் தப்பு. அந்த நோட்டையே கையோடு கொண்டுபோனேன். இரண்டு பக்கம் பார்த்ததுமே டீச்சர் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். அந்த வாரமே கண் டாக்டர், கண்ணாடி.

இப்போதெல்லாம் மார்க்கைக் கடைசியில்தான் கேட்கிறேன். முதல் கேள்வி, "எந்த இடத்துல தடுமாறறா?" வீட்டில் நான் செய்ய வேண்டியதைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்து டைரியில் டீச்சருக்கு ஒரு வரி.